கிரேன்காரரின் பின்பனி வானம்

பொழுது சாய்ந்ததும் துணி எடுக்க மொட்டைமாடிக்கு வருகிறவர்கள், பின்பனிக் காலத்தில் மட்டும் உடனே இறங்கிப் போவதில்லை. கொடியில் காய்ந்ததை உருவித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்கள். தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் என் அத்தான் நின்று வானத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'மேல்வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். காலையில் சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவார். "என்ன மேல்வீட்டுக்காரரே, வாடகை குடுத்தாச்சா?" என்று கீழே யாராவது கேட்பார்கள். "எங்க குடுக்கறது, காத்துக்குத் தனியாக் கேக்கறான்" என்பார். தினமும் இதே கேள்வி, இதே பதில். யாருக்கும் அலுத்ததாகத் தெரியவில்லை.

நானும் அங்கேதான் வேலை செய்கிறேன், சிக்னல் ஆளாக. கட்டி எழுப்பிய கடைசித் தளத்தில் நின்றுகொண்டு, கிரேன் தூக்கிவரும் சுமை எங்கே இறங்க வேண்டும் என்பதைக் கையாலும் வாக்கி-டாக்கியிலும் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கவே நாலு தடவை யோசிக்கிற என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அத்தான்தான். "வீட்ல முழுங்கறத எல்லாம் வாக்கியில பேசு மாப்ள. அங்க உன் மூஞ்சிய எவனும் பாக்கப் போறதில்ல" என்றார்.

அவருக்கு நட்சத்திரம் பழக்கமானது காத்திருந்ததால். கான்கிரீட் லாரி வழியில் எங்கோ மாட்டிக்கொள்ளும். கேபினிலிருந்து இறங்கி ஏறுவது பெரும்பாடு என்பதால் மேலேயே உட்கார்ந்திருப்பார். கீழே பார்த்துப் பார்த்துச் சலித்தவர் ஒருநாள் தலையைத் தூக்கியிருக்கிறார். மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நின்றனவாம். "யாரோ நூல் புடிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம கொத்தனார் வெச்சிருந்தா நடுவுல இருக்கறது கொஞ்சம் துருத்திட்டு நின்னிருக்கும்" என்பார். அன்றிலிருந்து ஆரம்பித்தது. பழைய புத்தகக் கடையில் ஒரு நட்சத்திர வரைபடம் வாங்கி, கேபின் கண்ணாடியில் ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார். நாலைந்து குளிர்காலத்தில் வரைபடம் நைந்து கிழிந்தது. அதற்குள் அது அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

அந்த வாரம் நிலா இல்லை. இரண்டு நாள் முன்பு பெய்த தூறலில் காற்றில் தூசி அடங்கி, வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் மாடித் தையல்காரர், அவர் மனைவி, எதிர்வீட்டு நர்சம்மா, சில பிள்ளைகள், அக்கா, நான் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காவின் மகள் அத்தானின் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"முதல்ல மூணு பேரைப் புடிங்க" என்றார் அத்தான். "தெற்கால நல்லா உசரத்துல. புடிச்சாச்சா? அந்த வரிசை போற போக்குல இடப்பக்கம் கீழ இறங்குங்க. கண்ணைக் குத்தற மாதிரி ஒண்ணு வரும். சிரியஸ். வானத்துல இருக்கற நட்சத்திரத்துலயே அதான் பெரிய வெளிச்சம். இன்னும் கீழ, தெற்கு விளிம்புக்கிட்ட ஒத்தையா நிக்கறாரே, அவர் அகத்தியர்."

"அது செல்போன் டவர் லைட்டுங்க" என்றார் தையல்காரர்.

"டவர் லைட்டு செவப்பா இருக்கும். அகத்தியர் வெள்ளையா இருப்பார். உங்க கண்ணாடிய ஊசி கோக்கறப்ப மட்டும்தான் போடுவீங்களா?"

தையல்காரரின் மனைவிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

மூன்று பேருக்கு மேலே சிவப்பாகத் திருவாதிரையைக் காட்டினார். கிழக்கே இரட்டையராகப் புனர்பூசம். அதற்கும் கீழே, வீடுகளின் விளிம்பைத் தாண்டி அப்போதுதான் தலை நீட்டியிருந்த மகம். "மகம் பொழுது சாயும்போதே கிழக்க வந்துட்டா, பனி மூட்டை கட்ட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். பொழுது நீளும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

மூன்று பேருக்குச் சற்றுக் கீழே ஒரு மங்கல் உண்டு. அதை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றே விலக்கிப் பார்த்தால் தெரியும். அத்தான் அதை ஓரக்கண் வித்தை என்பார். "இருட்டுல மங்கலா இருக்கறதப் பாக்கணும்னா ஓரக்கண்தான் ஒசத்தி. பொண்ணு பாக்கப் போனப்ப பழகினது, இங்கயும் ஒதவுது" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். அக்கா ஒவ்வொரு வருஷமும் தலையில் அடித்துக்கொள்வாள். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. மங்கலைப் பற்றிப் பேசாமல் மேலே போய்விட்டார்.

"இப்ப திரும்பவும் மூணு பேர்கிட்ட வாங்க. இந்தத் தடவை வலப்பக்கம் மேல ஏறுங்க. செம்மஞ்சளா வர்றது ரோகிணி. அதையும் தாண்டிப் போனா ஒரு கொத்து. கார்த்திகை. எண்ணுங்க. ஆறு தெரிஞ்சா நல்ல கண்ணு. ஏழு தெரிஞ்சா ரொம்ப நல்ல கண்ணு. எனக்கு இன்னைக்கு எட்டாவதும் தெரியுது."

"எங்கப்பா?" என்றாள் வாலு.

"என் விரல் நுனிக்கு நேரா பாரு."

"அங்க ஒண்ணுமே இல்லப்பா. மேகம்தான் இருக்கு."

"உன் கண்ணுலதான் மேகம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். மேற்கிலிருந்து பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி ஒரு மேகம் வந்து, ரோகிணிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. ஊரின் வெளிச்சம் அதன் அடிவயிற்றில் பட்டு லேசாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் கார்த்திகை எங்கேயோ இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியவில்லை. அத்தானின் விரல் மட்டும் அசையாமல் சரியான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, நினைத்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கி, நர்சம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்க, கடைசியில் அக்கா துணி மூட்டையோடு போனாள். நாங்கள் இருவரும் மிஞ்சினோம். மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. அத்தான் சுவரைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியையும் பாதத்தால் தடவி இறங்கினார். முன்பெல்லாம் இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறவர். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் இறங்குகிறார் என்பதும், வாசலில் செருப்பைக் காலால் துழாவுகிறார் என்பதும், கூடத்தில் வாலு போட்டுவைக்கிற சைக்கிளில் தினமும் இடித்துக்கொண்டு அவளைத் திட்டுகிறார் என்பதும் வரிசையாக ஞாபகம் வந்தன. ஒவ்வொன்றையும் நான் பார்த்திருந்தேன். சேர்த்துப் பார்க்கவில்லை.

"அத்தான்."

"ம்."

"கார்த்திகைய மேகம் மறைச்சிருந்துச்சு."

அவர் கை சுவரில் நின்றது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்காது.

"வாலு சொன்னது சரிதானா அப்ப?" என்றார் மெதுவாக. பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சிரியஸ் தெரியுது. திருவாதிரை தெரியுது. பெரிசு பெரிசா இருக்கறதெல்லாம் தெரியுது மாப்ள. பொடிசுங்கதான் போயிருச்சுங்க. ஓரக்கண்ணு சுத்தமா இல்ல. ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"போன பனியிலேர்ந்து. பகல்ல ஒண்ணும் இல்ல. கம்பெனியில கண்ணு டெஸ்ட் வெப்பாங்களே, பகல்லதான வெக்கறாங்க. கடைசி வரியில இருக்கற கொசு எழுத்துகூட டாண் டாண்ணு படிப்பேன்."

"டாக்டர்கிட்ட?"

"போனா அதுக்கு ஒரு பேர் வெப்பாங்க. பேர் வெச்சிட்டா அப்புறம் அது வீட்ல ஒரு ஆளாயிடும். சோறு போடணும், பக்கத்துல படுக்க வெக்கணும்."

நான் கட்டட சைட்டை நினைத்துக்கொண்டேன். குளிர்காலத்தில் பொழுது சீக்கிரம் போய்விடுகிறது. வேலையோ அந்திக்கு அப்புறமும் இழுக்கும். அரை இருட்டில், மனிதர்களின் தலைக்கு மேலே, கம்பிக் கட்டுகளையும் பலகைகளையும் ஆட்டிக்கொண்டு போகிறவர் இவர். 'பேசிட்டே இரு மாப்ள, சும்மா இருக்காத' என்று கொஞ்ச நாளாக வாக்கியில் அவர் கேட்டுக்கொண்டே இருந்ததைப் பிரியம் என்று நினைத்திருந்தேன்.

"யார் மேலயாவது விழுந்தா என்ன செய்வீங்க?"

நான் அவரிடம் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"விழாது" என்றார். "இந்தப் பனி முடியப்போவுது. ஒவ்வொரு நாளும் பொழுது கொஞ்சம் கொஞ்சமா நீளுது. இன்னும் கொஞ்ச நாள்ல வேலை முடியற வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அடுத்த பனிக்குள்ள வேற வேலை பாத்துக்கறேன். அதுவரைக்கும் நீ பேசிட்டே இரு. ஏத்து, இறக்கு, திருப்பு, நில்லு. உன் குரல் போதும் எனக்கு."

"குரல் எப்படி அத்தான் போதும்?"

"உங்க அக்கா லாண்டரியில நின்னு நின்னு கால் வீங்கிட்டு வர்றா. வாலு படிக்கணும். நான் வேற என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு." சுவரைப் பிடித்து எழுந்துகொண்டே, "அவகிட்ட சொல்லாத" என்றார்.

கீழேயிருந்து அக்கா, "ரெண்டு பேரும் மாடியிலயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? சாப்பாடு ஆறுது" என்று குரல் கொடுத்தாள்.

"வந்துட்டோம்" என்று அத்தான் உற்சாகமாகப் பதில் சொன்னார். அந்த உற்சாகம்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து நான் பேசினேன். என் வாழ்நாளில் பேசியதையெல்லாம்விட அதிகமாகப் பேசினேன். வெயில் இறங்கத் தொடங்கியதும் வாக்கியை வாயோடு ஒட்டிவைத்துக்கொள்வேன். "இறக்குங்க, இறக்குங்க, ஆளு இல்ல, தளம் காலியா இருக்கு, இறக்குங்க, கொஞ்சம் வலப்பக்கம், நில்லுங்க." காற்று எந்தப் பக்கம், வெளிச்சம் எவ்வளவு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வேன். "இவனுக்கு என்ன ஆச்சு, கிரிக்கெட் கமெண்டரி மாதிரி?" என்றார் போர்மேன். சுமை தரையைத் தொட்டுக் கொக்கி தளர்ந்த பிறகுதான் வாக்கியைக் கீழே இறக்குவேன். வீட்டில் வாய் இன்னும் இறுகிப்போனது. அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்துவிட்டு, "என்னடா, காதல் கீதலா?" என்றாள். அத்தான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் வானத்தைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. மூன்று பேர் எவ்வளவு மேற்கே சாய்ந்திருக்கிறார்கள் என்று தினமும் நான் பார்ப்பேன். அவர்கள் சாயச் சாயப் பனி குறையும், பொழுது நீளும். வேலை முடியும்போது மேற்கில் எவ்வளவு வெளிச்சம் மிஞ்சியிருக்கிறது என்று அவர் கேட்பார். "இன்னைக்குக் கொஞ்சம் கூட இருக்கு" என்பேன். தலையாட்டுவார். இப்படியே போனால் தப்பிவிடலாம் என்று எனக்கும் நம்பிக்கை வந்திருந்தது. அதைத்தான் இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

அன்று வானம் மூட்டமாக இருந்தது. தளத்தில் போகஸ் விளக்குகள் இரண்டு. ஒன்று காலையிலேயே பியூஸ் போய்விட்டது. இன்னொன்று படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. சுமை இறங்குகிற மூலையில் அரை இருட்டு. எலக்ட்ரீஷியன் வந்துகொண்டிருக்கிறான் என்று மத்தியானத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"லைட் வந்ததும் பாத்துக்கலாம் சார்" என்றேன் போர்மேனிடம்.

"ரெண்டே கம்பிக் கட்டு. வெளிச்சம் இருக்கறப்பவே ஏத்திட்டா நாளைக்குக் காலையில கம்பி கட்டறவனுங்க சும்மா ஒக்காந்திருக்க மாட்டாங்க. மேல்வீட்டுக்காரரு கண்ணைக் கட்டிட்டுக்கூட எறக்குவாரு" என்று சொல்லிவிட்டு, கீழ்த் தளத்துக்குப் போய்விட்டார்.

முதல் கட்டு சரியாக வந்து இறங்கியது. இரண்டாவது கட்டு கீழேயிருந்து எழும்பும்போது மேற்கில் இருந்த கொஞ்ச நஞ்ச வெளிச்சமும் வடிந்துவிட்டது. கேபின் ஒரு கறுப்புப் பெட்டி. கட்டு தலைக்கு மேலே வந்து நின்றது. காற்றில் லேசாகத் திரும்பியது. நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

"இறக்குங்க. ஆளு இல்ல. இறக்குங்க, மெதுவா. ஆளு இல்ல."

அப்போது தூண் மறைவிலிருந்து சென்ட்ரிங் பலகை அடிக்கிற 'ஆணி' வந்தார். வாயில் எப்போதும் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். கட்டுக்கு நேர் கீழே ஒரு பலகை கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தார். மேலே பார்க்கவில்லை.

"நில்லுங்க" என்றேன். "நில்லுங்க அத்தான்."

வாக்கியில் வழக்கமாக வருகிற இரைச்சல் வரவில்லை. பொத்தானை மறுபடி அழுத்தினேன். சின்னப் பச்சை விளக்கு அணைந்திருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. இத்தனை பேச்சுக்கு எந்தப் பேட்டரிதான் தாங்கும். எனக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினேன். நிறுத்து என்பதற்கு அதுதான் சைகை. கண் தெரிகிற எந்த ஆபரேட்டரும் அடுத்த நொடி நிறுத்திவிடுவார். குரல் கேட்காமல் போனாலே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. கட்டு நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரே வேகத்தில், நிதானமாக, தினமும் இறங்குகிற மாதிரியே.

ஆணி பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். அதன் ஒரு முனை எங்கேயோ சிக்கியிருந்தது.

கழுத்தில் தொங்கிய விசிலை எப்படி வாய்க்குக் கொண்டுபோனேன் என்று தெரியாது. மூச்சு முழுவதையும் ஊதினேன். ஊதிக்கொண்டே ஓடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் கம்பி வலையின் மேல் விழுந்தோம். நிமிர்ந்து பார்த்தபோது கட்டு நின்றிருந்தது. ஆணி குனிந்திருந்த இடத்தில், ஒரு மனிதன் குனிந்திருந்தால் அவன் முதுகு இருக்கும் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆணி வாயிலிருந்து ஆணிகளைத் துப்பினார். ஒன்றை மட்டும் கையில் எடுத்து வெறித்துப் பார்த்தார். "முழுங்கியிருப்பேன்டா" என்றார். அதுதான் பெரிய ஆபத்து என்கிற மாதிரி.

விசில் சத்தம் கேட்டுப் போர்மேன் படியேறி ஓடிவந்தார். தொங்குகிற கட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்ன நடந்தது என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது, ஆனால் தப்பாக.

"ஆள் உள்ள வர்ற வரைக்கும் எங்கடா பாத்துட்டிருந்த? கை காட்டினியா?"

"காட்டினேன் சார்."

"காட்டியிருந்தா அவர் ஏன் நிறுத்தல? இத்தனை வருஷமா ஓட்டறவரு, உன் கையைப் பாத்தும் நிறுத்தாமப் போவாரா? வானத்தப் பாத்து வாயப் பொளந்துட்டு நின்னிருப்ப. மாமன் மச்சான்னு ஒரே சைட்ல போட்டா இப்படித்தான்." திட்டின வேகத்தில் அவர் கையிலிருந்த வாக்கியின் பொத்தான் அழுந்தியே இருந்தது, மேலே கேபினிலும் எல்லாம் கேட்டிருக்கும். "நாளையிலேர்ந்து வராத. ஒரு உசுரு போயிருக்கும். போய்ச் சேரு."

பேசினால் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அது என்னுடைய வாக்கியம் இல்லை. ஆணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை விரித்ததை அவர் பார்த்திருக்க முடியாது. கம்பி வலையில் உரசி என் முழங்கை எரிந்தது. சொல்லாமல் விட்டால் இன்னொரு சிக்னல் ஆள் வருவான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் விதிப்படி இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கைகளை மட்டும் காட்டிக்கொண்டு நிற்பான்.

"சார், அவருக்கு" என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் போர்மேனின் வாக்கி கரகரத்தது.

"போர்மேன் சார். அவனைத் திட்டாதீங்க."

அத்தானின் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. தண்ணீர் கேட்கிற மாதிரி.

"அவன் கை காட்டியிருப்பான். நான் பாக்கல."

"பாக்கலன்னா? தூங்கிட்டீங்களா?"

"கண்ணு தெரியலன்னு சொல்றேன். இருட்டினா எனக்குக் கண்ணு தெரியாது."

அந்தச் சேனலில் எல்லோருடைய வாக்கியும் திறந்திருந்தது. கீழே கம்பி வெட்டுகிற இடத்தில் மெஷின் சத்தம் நின்றது. போர்மேன் மெதுவாக நிமிர்ந்து கறுப்புப் பெட்டியைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"போன பனியிலேர்ந்து."

"யோவ்" என்றார் போர்மேன். தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஹெல்மெட் இருந்தது. ஒரு வருஷமாக எத்தனை அந்தியில் எத்தனை தடவை அந்தக் கொக்கியின் அடியில் நின்றிருக்கிறோம் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் நினைத்திருக்க வேண்டும். யாரும் நகரவில்லை. பிறகு எல்லோரும் ஒருசேரப் பின்னால் நகர்ந்தார்கள்.

"சரி" என்றார் போர்மேன் கடைசியில். குரல் தழைந்திருந்தது. "அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப கட்டை இறக்கி வெச்சிடுங்க. ஆளையெல்லாம் வெலக்கிட்டேன். ரெண்டடிதான்."

"மாட்டேன் சார்."

"ரெண்டடிய்யா."

"ரெண்டடியும் எனக்கு இருட்டுதான். பிரேக் போட்டுட்டேன். என் லீவு நாள்ல வர்ற மாத்து ஆபரேட்டர் பக்கத்துலதான் குடியிருக்கார், வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் தொங்கட்டும். கீழ யாரையும் விடாதீங்க. மாப்ளய மட்டும் மேல அனுப்புங்க. இன்னைக்குத் தனியா இறங்க முடியாது" என்றார்.

கிரேனின் கோபுரத்துக்குள்ளே போகிற ஏணியில் நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கிறேன். இரும்பு பனியில் சில்லிட்டிருந்தது. கேபின் கதவைத் திறந்தபோது அத்தான் லீவர்களிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூட்டம் கிழிந்த இடங்களில் சில நட்சத்திரங்கள் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை.

"ஆணிக்கு அடி கிடி?"

"இல்ல அத்தான்."

"நீ கைய சுத்திட்டிருந்த மாப்ள. இறக்கு இறக்குன்னு. நான் பாத்தேன். பொய் சொல்லல, சத்தியமா பாத்தேன். சட்டை கலர் முதக்கொண்டு தெரிஞ்சுது. குரல் நின்னதுகூட எனக்குத் தோணல, கைதான் தெரியுதேன்னு விட்டுட்டேன்." மூச்சை இழுத்துவிட்டார். "தெரியலன்னா நிறுத்தியிருப்பேன். இல்லாததெல்லாம் தெரியுது. அதுக்கு என்ன பண்றது?"

"இறங்கலாம்" என்றேன்.

நான் முதலில் இறங்கினேன். அவர் எனக்கு மேலே. ஒவ்வொரு படிக்கும் அவர் காலைப் பிடித்து இரும்பில் வைத்தேன். "இதோ. அடுத்தது. இதோ." இடையிடையே இருந்த தட்டுகளில் நின்று இளைப்பாறினோம். அவருக்குப் பழகிய ஏணி, வருஷக்கணக்காக ஏறி இறங்கியது. ஆனாலும் பாதி வழியில் ஒரு தடவை அவர் கால் படியைத் தவறவிட்டு என் தோளில் இறங்கியது. இருவரும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றோம். மேலே கட்டின் வடம் முறுகுகிற சத்தம் கேட்டது.

"அக்காகிட்ட என்ன சொல்றது?" என்றேன்.

"நானே சொல்றேன். கண்ணப் பத்திச் சொன்னா அழுவா. மறைச்சதச் சொன்னா அடிப்பா. அடிக்கட்டும். கூட ஆஸ்பத்திரிக்கு வந்தாப் போதும்" என்றார்.

அடுத்த படிக்கு அவராகவே காலை நீட்டினார். நான் பிடித்து வைத்தேன்.

கீழே ஒரு கூட்டம் நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. போர்மேன் சற்றுத் தள்ளி நின்று போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். கடைசித் தட்டுக்கு வந்தபோது என் கை மரத்துவிட்டது. நான் தரையில் குதித்துவிட்டு விரல்களை உதறினேன். அத்தான் நாலைந்து படி உயரத்தில் தனியாக நின்றார். அவர் கால் காற்றில் படியைத் தேடியது.

கூட்டத்திலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் வந்து ஏணியின் மேல் விழுந்தது. ஆணி. அவர் என்னைத் தாண்டிப் போய் ஏணிக்கு நேர் கீழே நின்றார். அத்தானின் கணுக்காலைப் பிடித்தார்.

"உங்களைத் திட்டறதுக்கு நிறைய வெச்சிருக்கேன் மேல்வீட்டுக்காரரே" என்றார். "மொதல்ல இறங்குங்க. வலது காலை இன்னும் கீழ. இன்னும். ம், அதான். இப்ப இடது."

"திட்டுங்க, கேட்டுட்டே இறங்கறேன்" என்றார் அத்தான்.

"பேசாம இறங்குங்கய்யா. இன்னும் ஒண்ணு இருக்கு. இதோ, தரை."